ஒன்பது வாட் பெட்டி

வீட்டுக்கு ஒரு ஃபைல் சர்வர் வேண்டும், கரண்ட் குறைவாக இழுக்க வேண்டும், சத்தம் வரக்கூடாது, என்னென்ன பாகங்கள் வாங்கலாம் என்று போன வாரம், கம்ப்யூட்டர் கட்டவும் ரிப்பேர் பார்க்கவும் பழகுகிற உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் கேட்டிருந்தார். பத்து நிமிடத்தில் நாற்பது பதில் வந்து விழுந்தது. எந்த பிராசசர், எந்த போர்டு, எந்த டிஸ்க், எந்த அடாப்டர் என்று அடிதடியே நடந்தது. அந்தப் பெட்டி யார் வீட்டில், எந்தச் சுவரோரம் உட்காரப்போகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் என்றால் நாற்பத்தோராவது பதில் என்னுடையதாக இருந்திருக்கும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்று தெரியும். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். இந்தியில் எழுதச் சொல்லாதீர்கள். பேசும்போது இந்தி நன்றாகத்தான் வருகிறது, மனது கனத்த விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் எனக்கு அது கைகொடுப்பதில்லை.

நான் தாராவியில் பிறந்தவன். வாஷியில் ஒரு அலுவலகத்தின் சர்வர் ரூமில், மும்பை வெயில் என்றால் என்னவென்றே தெரியாமல், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்றபின் கோபர்கைரனே வீட்டில் இருந்தேன். முதல் மாதம் நிம்மதியாக இருந்தது. இரண்டாம் மாதம் ஃபோனை எடுத்து எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். "செல்வராஜ் சார், சர்வர் படுத்துடுச்சு, சீக்கிரம் வாங்க" என்று யாராவது கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது ஏக்கம்தான். வேலையில் இருந்தபோது எந்த ஃபோனைத் திட்டினேனோ அதே ஃபோனுக்காகக் காத்துக்கிடந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் விசாலம் மாமி கூப்பிட்டார். என்னோடு வேலை பார்த்த ஒருவரின் சித்தி. செம்பூரில் மூன்றாவது மாடியில் ஃப்ளாட், வீட்டில் அவரும் கணவரும் மட்டும். பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவில் இருந்துவிட்டு அங்கே போனவர்கள். மாமியின் கணவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன்.

சார் பஹ்ரைனில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் பதினோரு வருடம் இருந்தவர். அப்போதெல்லாம் வெளிநாட்டுக்கு ஃபோன் பேசுவது சாதாரண காரியம் இல்லை. கடிதத்துக்குப் பதில் கேசட் அனுப்புவார்கள். அவர் அங்கே டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசி, லீவில் ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார். மாமி இங்கே பதில் பேசி, திரும்பிப் போகிறவர் கையில் கொடுப்பார். சார் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது மாமியின் கேசட்டுகள் அத்தனையையும் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்துவிட்டார். ஆக இரண்டு பேருடைய பேச்சும் வீட்டிலேயே இருந்தது.

அதற்கெல்லாம் எத்தனையோ வருடம் கழித்து சாருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. உயிரைக் காப்பாற்றக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். பேசுவதற்கு ஒரு கருவி கொடுத்தார்களாம். அதன் தகரச் சத்தத்தை ஒரே ஒரு நாள் கேட்டுவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். சத்தமில்லாமல் உதட்டை அசைத்துப் பார்த்தார். யாருக்கும் புரியவில்லை, எல்லோரும் "என்ன, என்ன?" என்று முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தார்கள். அதோடு அதையும் நிறுத்திவிட்டார். குழந்தைகள் கிறுக்கும் எலெக்ட்ரானிக் சிலேட் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அதில் எழுதிக் காட்டுவார். உதடு ஒட்டிப்போன மாதிரி மூடியே இருக்கும்.

மாமி என்னிடம் கேட்டது இதுதான். "கேசட்டெல்லாம் மாட்டுங்கால ஒரு கடையில கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்துட்டா. இப்போ அது எப்பவும் ஆத்துல கேட்டுண்டே இருக்கணும். நான் அடுக்களைல நின்னாலும் கேட்கணும், ஹால்ல டி.வி.லயும் கேட்கணும். பெட்டி மட்டும் உர்ருனு சத்தம் போடப்படாது. அவரோட குரலாக்கும் செல்வராஜ், அதுக்குக் குறுக்கே ஒண்ணும் வரப்படாது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலை கிடைத்துவிட்டதே! கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற லாமிங்டன் ரோட்டுக்கு நான்கு முறை போனேன். மணிக்கணக்கில் நின்று பொறுக்கினேன். போர்டிலேயே பதிந்து வரும் சின்ன பிராசசர், ஃபேனே வேண்டாம். லேப்டாப்பில் போடும் சின்ன டிஸ்க் இரண்டு, ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும், ஒன்று போனாலும் கவலை இல்லை. யாரும் கேட்காத நேரத்தில் இரண்டும் தூங்கிவிடும்படி வைத்தேன். தூசி போகாத மூடிய அலுமினியப் பெட்டி. பவர் மீட்டரை மாட்டிப் பார்த்தால் ஒன்பது வாட். அந்த எண்ணை ஃபோட்டோ எடுத்துப் பழைய நண்பர்கள் பத்துப் பேருக்கு அனுப்பினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு எவ்வளவு கிறுக்கு ஏறியிருந்தது என்று.

பெட்டியைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். அதைத்தான் பெரிய சாதனை என்று நினைத்தேன்.

இன்டர்நெட் கேபிள் பால்கனி ஓரமாக உள்ளே வந்தது. அங்கேயே ஒரு ஷெல்ஃபில் வைத்துவிட்டேன். பால்கனிக்கு நேர் கீழே நாலா, அந்த ஏரியாவின் சாக்கடை முழுக்க ஓடுகிற கால்வாய். நான் வேலை செய்துகொண்டிருக்கும்போது மாமி பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளி விளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "வாராவாரம் தேய்க்கறேன், மறுபடியும் கறுத்துப்போயிடறது. மாட்டுங்கால இப்படி இல்லை" என்றார். நான் "அப்படியா மாமி" என்றேன். காதில் வாங்கினேன், மூளையில் வாங்கவில்லை. வெள்ளியைக் கறுக்க வைக்கிற காற்று என் போர்டில் இருக்கிற செம்பை என்ன செய்யும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பெட்டியில் இரண்டு ஃபோல்டர். மாமியே பெயர் வைத்தார். "அவர்" என்று ஒன்று, "நான்" என்று ஒன்று. "நான்" ஃபோல்டரை வேண்டாம் என்றார். சார்தான் சிலேட்டில் "அதுவும்" என்று எழுதிக் காட்டினார். எழுதிவிட்டு மாமியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது மாமி ஒரு பழைய சூட்கேஸைக் காட்டி, "இந்த கேசட்டையெல்லாம் என்ன பண்றது? பூசணம் பிடிச்சுக் கிடக்கு" என்றார்.

நான் சொன்ன பதிலை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "இனிமே அதெல்லாம் எதுக்கு மாமி? ரெண்டு டிஸ்க்ல இருக்கு. நான் பாத்துக்கிடுதேன், நீங்க ரத்திக்காரன்ட்ட போட்டுருங்க."

பழைய பேப்பர் வாங்குகிறவனிடம் போட்டுவிட்டார். மாட்டுங்கா கடைக்காரர் தன் டிரைவில் ஏற்றி இரவலாகத்தான் கொடுத்திருந்தார், அதையும் நானே துப்புரவாக அழித்துக் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

முதல் மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. அந்த வீட்டுக்கு அவ்வப்போது போவேன், காபி கிடைக்கும். அடுக்களையில் சாரின் பழைய குரல் ஓடிக்கொண்டிருக்கும். நல்ல கனமான குரல். "இன்னிக்கு இங்கே ஒரே புழுதிக்காத்து, விசாலம்" என்று ஆரம்பிக்கும். மாமி தோசை வார்த்துக்கொண்டே அதற்கு உம் கொட்டுவார். குரல் ஆரம்பித்ததும் சார் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். பாவம், தன் குரலைத் தானே கேட்கத் தாங்கவில்லை போல என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டோம்.

இரண்டாவது மழைக்காலம், விடாமல் கொட்டிய ஒரு வாரம். காலையில் ஃபோன் அடித்தது. "செல்வராஜ், பெட்டி எழுந்துக்க மாட்டேங்கறது. கீழாத்துப் பையன் அணைச்சுப் போடச் சொன்னான். எட்டு தடவை போட்டாச்சு. உள்ளேர்ந்து டிக் டிக்குனு ஒரு சத்தம் வரது."

"மாமி, கையை எடுத்துருங்க. இனிமே தொடாதீங்க. நான் வந்துகிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, வாஷியில் வண்டி மாறி, முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ச் சேர்ந்தேன்.

மாடிப்படியில் ஏ.சி. மெக்கானிக் ஒருவன் எதிர்வீட்டு வேலையை முடித்துவிட்டு இறங்கி வந்தான். கையில் கறுத்துப்போன காயில், ஏ.சி.க்குள் இருக்கும் செம்புக் குழாய்ச் சுருள். என்ன ஆச்சு என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "அரே அங்கிள், நாலா சைட் மே தாம்பா டிக்தா ஹி நஹி" என்றான். நாலா பக்கத்து வீடுகளில் செம்பு நிற்கவே நிற்காது, இரண்டு சீசனில் காயில் போய்விடும், அந்தக் கட்டடத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்றான். முப்பத்தோரு வருட அனுபவசாலி படியில் நின்று கேட்டுக்கொண்டேன்.

பெட்டியைத் திறந்தேன். போர்டில், டிஸ்கின் முதுகில், எங்கெங்கே செம்பு உண்டோ அங்கெல்லாம் கறுப்பு. சூடாக ஓடுகிற மெஷின் தன்னைத் தானே உலர்த்திக்கொள்ளும். நான் அதைத் தூங்க வைத்து, குளிர வைத்து, ஈரக் காற்றில் நனைய விட்டிருந்தேன். இரண்டு டிஸ்கும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே பெட்டியில் அதே காற்றைச் சுவாசித்தவை. ஒன்றுக்கு ஒன்று துணை என்று நான் சொன்னது, ஒரே படகில் இரண்டு பேரை ஏற்றியதுதான்.

மாமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்களேன். நீங்க போட்டா எழுந்துக்கும்" என்றார்.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கஸ்டமர் அழும்போது எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று கை பரபரக்கும். சாஃப்ட்வேரை ஓட்டலாமா, இன்னொரு முறை ஸ்விட்சைத் தட்டலாமா என்று தோன்றும். சாகிற டிஸ்குகளில் பாதி செத்துப்போவது அதன் கோளாறால் இல்லை, நம் பரபரப்பால். நான் "முடியாது மாமி" என்று சொல்லி இரண்டையும் கழற்றிப் பையில் போட்டேன். அவ்வளவு கடுமையாக நான் அதற்கு முன் அந்த வீட்டில் பேசியதில்லை. சார் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டிக் டிக் என்றதை, கெட்ட டிஸ்கிலிருந்து டேட்டாவை மீட்கும் ஒரு லேபுக்கு அனுப்பினேன். ஒன்றும் செய்வதற்கில்லை என்று திரும்பி வந்தது. மற்றதை ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் அடைத்து ஐந்து நாள் வைத்தேன். அந்த ஐந்து நாளும் மாமி காலையும் மாலையும் கூப்பிட்டார். எந்த ஃபோனுக்காக ஏங்கினேனோ அந்த ஃபோன் அடித்தது, எடுக்கப் பயந்தேன்.

என் மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. அவள் குரல் என்னிடம் ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜில்தான் இருக்கிறது. "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க, போன தடவை மாதிரி வாடினதா வாங்காதீங்க." அவ்வளவுதான். அதை நான் வீட்டில், மகள் வீட்டில், தம்பி கடையில் என்று எத்தனை இடத்தில் வைத்திருக்கிறேன் தெரியுமா? தன் வீட்டு விஷயத்தில் அவ்வளவு உஷாராக இருக்கிறவன்தான் அடுத்தவர் கேசட்டை ரத்திக்காரனிடம் போடச் சொன்னேன்.

ஆறாம் நாள் டிஸ்கின் பின்பக்கச் சின்ன போர்டைக் கழற்றி, கறுத்த இடங்களைப் பள்ளிக்கூட ரப்பரால் துடைத்தேன். இந்த வைத்தியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓட்டிப் பார்க்கவில்லை. நேராகச் செம்பூருக்கு எடுத்துப் போனேன். ஏன் வீட்டிலேயே ஓட்டவில்லை என்று கேட்பீர்கள். இப்படிப்பட்ட டிஸ்க் எழுந்தாலும் எழுந்தபடியே இருக்காது. பத்து நிமிடமோ ஒரு மணி நேரமோ, அதற்குள் எடுத்தது லாபம். எதை முதலில் எடுப்பது என்பதுதான் கேள்வி. கேசட்டைப் போடலாம் என்று ஒரு முறை அவர்களுக்காக நான் முடிவு எடுத்தாயிற்று. இரண்டாவது முறை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

சாப்பாட்டு மேஜையில் என் லேப்டாப்பை வைத்து டிஸ்கை மாட்டினேன். சுற்ற ஆரம்பித்தது. இரண்டு ஃபோல்டரும் தெரிந்தன. மாமி கையெடுத்துக் கும்பிட்டார், என்னையா டிஸ்கையா என்று தெரியவில்லை.

"எந்த நிமிஷமும் நின்னுரும் மாமி. எதை முதல்ல எடுக்கணும்? சீக்கிரம் சொல்லுங்க."

"இதென்ன கேள்வி? 'அவர்'தான். முழுக்க எடுங்கோ."

மேஜையில் டக்கென்று ஒரு சத்தம். சார் சிலேட்டை வைத்து என் பக்கம் தள்ளியிருந்தார். "நான்" என்று எழுதியிருந்தது.

மாமிக்குச் சுருக்கென்றது. "என்னோடது என்னத்துக்கு இப்போ? பால்காரன் வந்தான், பைப்புல ஜலம் வரலைன்னு உளறி வெச்சிருக்கேன். எனக்குத்தான் தொண்டை இருக்கே, எப்போ வேணும்னாலும் பேசிக்கறேன்."

நியாயம் மாமி பக்கம்தான். சாரிடம் நானும் சொன்னேன். "சார், மாமி குரல் இன்னைக்கும் இருக்கு. உங்களுது போனா போனதுதான்."

அவர் பட்டனை அழுத்தி அழித்தார். நிதானமாக எழுதினார். டிஸ்க் சுற்றுகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, ஒவ்வொரு விநாடியும் உயிர் போய் வந்தது. சிலேட்டைத் திருப்பி மாமியிடம் காட்டினார்.

"பதினோரு வருஷம் இதைத்தான் கேட்டேன். எனக்கு இதுதான் வேணும்."

மாமி அதை இரண்டு முறை படித்தார். அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போனது. ஆசைப்பட்டதை எல்லாம் தன் கையாலேயே விட்டுக்கொடுக்க வேண்டும், யோசிக்க நேரமும் இல்லை. புடவைத் தலைப்பால் வாயை அழுத்திக்கொண்டு, "அவர் கேக்கறதையே எடுங்கோ" என்றார்.

எடுத்தேன். "நான்" ஃபோல்டர் முழுக்க வந்துவிட்டது. "அவர்" ஃபோல்டரில் மூன்று வந்தது. நான்காவது பாதியில் நின்றது. டிஸ்க் ஒரு முறை முனகிவிட்டு அடங்கிப்போனது. அதற்கப்புறம் யார் என்ன செய்தும் எழவில்லை.

இன்று நான் கட்டுகிற பெட்டிகள் பதினெட்டு வாட் இழுக்கும். மெதுவாகச் சுற்றுகிற ஒரு ஃபேன் இருக்கும், தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், பால்கனிப் பக்கமே வைக்க மாட்டேன். ஒரு பிரதி அந்தப் பெட்டிக்கு வெளியே, அந்த வீட்டுக்கும் வெளியே இருக்கும். பழசை யாரையும் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். பாகங்களைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். இதற்கு மேல் எனக்குச் சொல்லித்தரத் தெரியாது.

அன்றைக்கு நடந்ததில் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். சார் லேப்டாப்பைக் காட்டி, போடு என்று சைகை செய்தார். "நான்" ஃபோல்டரில் முதலாவதைத் தட்டினேன்.

சின்னப் பெண்ணின் குரல். கொஞ்சம் பயம், கொஞ்சம் வெட்கம். பின்னால் மாட்டுங்கா வீட்டுக் குக்கர் விசில். "நமஸ்காரம். நான் விசாலம் பேசறேன்" என்றது. மாமி "ஐயோ" என்று முகத்தை மூடிக்கொண்டார். "சௌக்கியமா இருக்கேளா?" என்று கேட்டுவிட்டு அந்தக் குரல் நின்றது. டேப் ஓடுகிறது, பேச்சு இல்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று நான் கையை நீட்டினேன். மாமி தடுத்தார். "இல்லை, அவர் பதில் சொல்லட்டும்னு அப்போ சித்த நேரம் விடுவேன். எனக்கு விவரம் போறாது அப்போ."

"சாப்ட்டேளா?" என்றது குரல். மறுபடியும் நின்றது.

சார் லேப்டாப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சிலேட் மேஜையிலேயே கிடந்தது. அந்த மௌனத்தில் அவர் உதடு பிரிந்தது. நிதானமாக, சத்தமே இல்லாமல், அசைந்தது. மாமி முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சாப்ட்டாராம்" என்றார்.